ஆகாயக்கல் சொல்லும் காலக்கணக்கு
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



விண்ணிலிருந்து விழுந்த கல்லொன்று கையிற் கிடைத்தால் அதனிடம் நாம் கேட்க விரும்பும் கேள்விகள் இரண்டு. வெளியிலே எவ்வளவு காலம் அலைந்தாய்? பூமிக்கு வந்து எவ்வளவு காலமாயிற்று? கல் வாய் திறவாதுதான். ஆயினும் இரண்டுக்கும் விடை அதனுள்ளே பதிந்து கிடக்கிறது. பதித்தது அண்டக்கதிர்.

1912ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் தேதி ஒஸ்திரிய விஞ்ஞானி விக்ரர் ஹெஸ் என்பார் மின்காட்டிகளோடு பலூனிலேறி 5,000 மீற்றருக்கு மேற் சென்றார். உயரப் போகப் போகக் கதிர்வீச்சுக் கூடுவதைக் கண்டு, அது வானவெளியிலிருந்தே வருகின்றது என்று துணிந்தார். அதற்காக 1936இல் நோபெல் பரிசும் பெற்றார். இக்கதிர்கள் பெரும்பாலும் ஒளியின் வேகத்தை அண்மிய வேகத்திற் பாயும் புரோத்தன்களே. நமக்கு மேலுள்ள காற்று, பத்து மீற்றர் நீருக்கு ஒப்பான கவசமாக நின்று நம்மைக் காக்கிறது. வெளியில் திரியும் கல்லுக்கு அந்தக் கவசம் ஏது?

பாய்ந்து வரும் புரோத்தன் கல்லிலுள்ள அணுக்கருவை மோதிச் சிதறடிக்கிறது. எஞ்சுவது வேறொரு மூலகத்தின் கரு. சிலிக்கனிலிருந்து அலுமினியம் 26 பிறக்கும். ஒட்சிசனிலிருந்து பெரிலியம் 10, காபன் 14 ஆகியன பிறக்கும். இவை கதிர்த்தொழிற்பாடுடைய சமதானிகள். அதாவது, தாமாகவே அழிந்து போவன. அலுமினியம் 26இன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 7 இலட்சம் ஆண்டு. காபன் 14இனது 5,730 ஆண்டு. இவற்றோடு அழியாத ஈலியம் 3, நேயன் 21 என்பனவும் உண்டாகின்றன. கதிர்கள் கல்லினுள் சில அடிக்கு மேற் சென்று தாக்கமாட்டா. ஆகவே பெரிய கிரகத்தின் ஆழத்தில் கிடக்கும் கல்லில் இவை உண்டாவதில்லை. தாயை விட்டு உடைந்து சிறு கல்லாய் வெளியேறிய அன்றுதான் கணக்குத் தொடங்குகிறது.

இனி, ஓட்டைக் குடமொன்றைக் குழாயின் கீழ் வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். நீர் ஏற ஏற ஒழுக்கும் கூடும். ஈற்றில் விழும் நீரும் ஒழுகும் நீரும் சமமாகி, மட்டம் ஏறாது நிற்கும். அலுமினியம் 26 அத்தகையது. நின்ற மட்டத்தைப் பார்த்துக் குழாய் என்ன வேகத்தில் ஊற்றியது என்று அறியலாம். நேயன் 21 அதே குழாயின் கீழுள்ள ஓட்டையில்லாக் குடம். அதிற் சேர்ந்ததை அந்த வேகத்தாற் பிரித்தால் பிரயாணக் காலம் வரும். கல் பூமியில் விழுந்ததும் குழாய் பூட்டப்படுகிறது. அதன்பின் ஓட்டைக் குடத்தில் எவ்வளவு குறைந்தது என்பதே, இங்கு வந்து எவ்வளவு காலமாயிற்று என்ற வினாவுக்கு விடை. நாம் படித்த விஞ்ஞானத்தில் இதுபோல எளிமையும் அழகும் ஒருங்கே வாய்ந்த கணக்கு வேறு அதிகமில்லை.

இந்தக் கணக்கு ஒரு பெரும் வழக்கிற் சாட்சி சொன்ன கதையையே இன்று விசேடமாகக் கூற வந்தோம்.

1984 டிசம்பர் 27இல் அந்தாட்டிக்காவின் அலன் மலைப் பகுதிப் பனிக்கட்டியில், நாலேகால் இறாத்தல் நிறையுள்ள கல்லொன்றை அமெரிக்கக் குழுவினர் கண்டெடுத்தனர். 'ஏ.எல்.எச். 84001' என்பது அதற்கிட்ட பெயர். முதலில் அதனைச் சாதாரண ஆகாயக்கல் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஏறக்குறையப் பத்தாண்டு சென்றபின்பே அது செவ்வாய்க் கிரகத்துக் கல் எனத் தெரியவந்தது. அது பாறையாய் உறைந்தது 400 கோடி ஆண்டுக்கு முன். செவ்வாயிலிருந்து வீசியெறியப்பட்டு வெளியில் அலைந்தது ஏறக்குறைய 1 கோடி 60 இலட்சம் ஆண்டு. பனியிற் கிடந்தது 13,000 ஆண்டு. இக்கடைசி எண் காபன் 14 தந்தது. விழுந்தபோது இருந்ததில் ஐந்திலொரு பங்கே இன்று மீந்திருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1996 ஓகஸ்ட் 7இல் (ஹெஸ் பறந்த அதே தேதி!) அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, இக்கல்லிலே பண்டைய உயிரின் சுவடுகள் இருக்கலாம் என அறிவித்தது. ஜனாதிபதி கிளின்டனும் அன்று அதுபற்றிப் பேசினார். சேதனப் பொருள்கள், நுண்ணிய காந்த மணிகள், புழுப்போன்ற உருக்கள் ஆகியன சான்றாகக் காட்டப்பட்டன. அறிவித்தவர்களை நாம் குறை கூறமாட்டோம். தாம் கண்டதை எல்லாரும் சோதிக்கும்படி வெளியிட்டார்கள். 'இருக்கலாம்' என்றே எழுதினார்கள். அந்த 'லாம்' பத்திரிகைத் தலையங்கங்களிற் காணாமற் போனதற்கு அவர்கள் என்செய்வர்?

ஆனால் 13,000 ஆண்டு என்பது சிறிய காலமா? பனியும் கோடையிற் சற்று உருகும். உருகிய நீர் கல்லின் வெடிப்புகளில் நுழையும். நுழையும்போது பூமியின் பொருளையும் கொண்டு செல்லும். அப்படியாயின், அந்தச் சேதனப் பொருள் செவ்வாயினதா, பூமியினதா?

அரிசோனாச் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜல் என்பாரும் துணைவரும் இதனைச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டனர். காற்றில் அண்டக்கதிரால் ஓயாது உண்டாகும் காபன் 14 செடியிலும் விலங்கிலும் நம் உடம்பிலும் சேர்கிறது. ஆகவே பூமியின் அண்மைக்காலச் சேதனப் பொருளில் அது நிறைய இருக்கும். செவ்வாயில் என்றோ உண்டான சேதனப் பொருளில் அவ்வளவு இருக்க வழியில்லை. கல்லின் தாதுக்குள் பிறந்த காபன் 14 உருகும் வெப்பத்திலேயே வெளிவரும். சேதனப் பொருளிலுள்ளதோ குறைந்த வெப்பத்திலே எரிந்து வெளியேறும். எனவே கல்லைப் படிப்படியாகச் சூடேற்றி, வந்த காபனை வேறுவேறாகப் பிடித்து, அணுக்களை எண்ணினார்கள். சேதனப் பொருளின் பெரும்பங்கில் காபன் 14 இருந்தது. அது பூமியில் ஏறிய அழுக்கு.

வழக்கு அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. காபன் 14 அற்ற சிறுபங்கொன்றும் அகப்பட்டது. அது கல்லோடே வந்ததாயிருக்கலாம். 2022இல் ஸ்ரீல் என்பாரும் குழுவினரும் அக்கல்லின் சேதனப் பொருளை மீண்டும் ஆராய்ந்தனர். செவ்வாயில் நீரும் பாறையும் தம்முள் தாக்கமுற்றே அது உண்டாயிற்று என்றும், அதற்கு உயிர் எதுவும் வேண்டியதில்லை என்றும் எழுதினார்கள்.