பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ்: மாத்திரைக்கா, காயத்துக்கா?

பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



"பழைய கதையைக் குறைச்சுக்கிட்டு, பசங்களுக்குப் பயன்படற மாதிரி எதையாவது பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனவே ஹாஸ்டல் சாம்பார், செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்ட கதை எதுவும் இன்று கிடையாது.

சென்ற மாதம் இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் எனக்கு போன் செய்தார்கள். பாக்டீரியாவை வைத்துத் தேங்காய்த் தண்ணீரில் செல்லுலோஸ் வளர்த்து, அதைப் பொடியாக்கி, மாத்திரைத் தயாரிப்புக்குத் தருவதுதான் அவர்களுடைய புராஜெக்ட். "சார், உங்க மாதிரி கம்பெனிங்க இதை வாங்குமா?" என்று கேட்டார்கள். "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் சொல்கிற வார்த்தை அது. போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. இன்றைக்கு அந்த நான்கு பேருக்கும் ஒழுங்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் காக்களூர், திருமழிசை, கும்மிடிப்பூண்டி என்று ஏதாவது ஒரு தொழிற்பேட்டையில் காலம் தள்ளியவர்கள்தான். மாத்திரைப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரையைத் தராசில் வைத்தால் எடை 500-ஐத் தாண்டும். மிச்சம் இருப்பது எக்ஸிபியன்ட், அதாவது துணைப்பொருள். மருந்துப் பொடி அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ள ஒன்று, வயிற்றில் போனதும் உடைய ஒன்று, அச்சில் ஒட்டாமல் வழுக்க ஒன்று. இவற்றில் அதிகம் புழங்குவது மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ். நாங்கள் சுருக்கமாக எம்.சி.சி. என்போம். 1955-இல் அமெரிக்காவில் பாட்டிஸ்டா என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது. மரக்கூழை நீர்த்த அமிலத்தில் வேகவைத்தால் செல்லுலோஸ் இழையின் தளர்ந்த பகுதிகள் கரைந்துபோய், படிகப் பகுதிகள் மட்டும் நிற்கும். அதைக் கழுவி உலர்த்திய வெள்ளைப் பொடிதான் எம்.சி.சி. மாணவர்கள் போட்டியிட நினைத்தது இதோடுதான்.

இப்போது பாக்டீரியாவுக்கு வருவோம். 1886-இல் இங்கிலாந்தில் ஏ.ஜே. பிரவுன் என்பவர் வினிகர் உண்டாக்கும் கிருமிகளை ஆராயும்போது, திரவத்தின் மேல் கெட்டியாக ஓர் ஏடு கட்டுவதைக் கண்டார். பாலில் ஆடை கட்டுகிற மாதிரி. சோதித்துப் பார்த்தால் அது சுத்தமான செல்லுலோஸ். நாங்கள் படித்தபோது அந்தக் கிருமியின் பெயர் அசிட்டோபாக்டர் சைலினம். பிறகு குளுக்கோனசிட்டோபாக்டர் ஆனது. 2012-க்குப் பிறகு கோமகடாயிபாக்டர். பெயரை மாற்றுகிறவர்கள் பரீட்சை எழுதுகிறவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இந்தக் கிருமிக்குக் காற்று வேண்டும். அதனால் திரவத்தின் மேற்பரப்பிலேயே இருந்துகொண்டு, சர்க்கரையைத் தின்று, உடம்பிலிருந்து நூல் நூலாகச் செல்லுலோஸை வெளியே தள்ளும். நானோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய மெல்லிய நூல்கள். அவை ஒன்றோடொன்று பின்னி ஒரு வலையாகும். மரத்தில் இருக்கிற லிக்னின் இதில் கிடையாது, ஹெமிசெல்லுலோஸ் கிடையாது. காகித ஆலையில் அதையெல்லாம் நீக்கத்தான் எத்தனை ரசாயனம், எத்தனை கழிவுநீர்! இங்கே ஏட்டை எடுத்துக் காரத்தில் கொதிக்கவைத்தால் செத்த கிருமிகள் போய்விடும், செல்லுலோஸ் நிற்கும். வெப்பம் 28 முதல் 30 டிகிரி போதும். நம்ம ஊரில் அதற்கு ஹீட்டரே வேண்டாம்; மே மாதம் குளிரவைக்கத்தான் செலவு.

ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் 1949-இலிருந்து இதைத் தேங்காய்த் தண்ணீரில் வளர்த்து நாட்டா டி கோகோ என்று இனிப்பாகத் தின்கிறார்கள். 1993-இல் ஜப்பானில் அதற்கு ஒரு பைத்தியமே பிடித்தது. நம் நாட்டிலும் தென்னை வளர்ச்சி வாரியம் ஆலுவாவுக்கு அருகே வாழக்குளத்தில் உள்ள தன் தொழில்நுட்ப நிலையத்தில் இதைக் கற்றுத் தந்திருக்கிறது. வடிகட்டிக் கொதிக்கவைத்த தேங்காய்த் தண்ணீர், சர்க்கரை, கொஞ்சம் அம்மோனிய உப்பு, அசிட்டிக் அமிலம், தாய் வளர்ப்பு. தட்டில் ஊற்றி இரண்டு மூன்று வாரம் அசைக்காமல் வைத்தால் வெள்ளைப் பாளம் ரெடி. கேரளத்தில் 'மலாய்' என்ற நிறுவனம் இதே முறையில் தோலுக்கு மாற்றாக ஒரு பொருள் செய்கிறது. அட, ஸோனி கம்பெனி 1989-இல் ஒரு ஹெட்ஃபோனுக்குள் அதிரும் தகடாகவே இந்தச் செல்லுலோஸை வைத்தது!

இவ்வளவு நல்ல பொருளை மாத்திரைக்கு ஏன் வேண்டாம் என்கிறேன்?

முதலில் தண்ணீர். அந்தப் பாளத்தில் கிட்டத்தட்ட 99 பங்கு தண்ணீர். ஒரு கிலோ பொடி வேண்டுமானால் சுமார் 99 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிழியலாம், பிழிந்த பிறகும் சூடு வைத்தாக வேண்டும். அப்படி உலர்த்தும்போது நூல்கள் ஒன்றோடொன்று படிந்து ஒட்டிக்கொள்ளும்; திரும்ப நனைத்தாலும் பழைய மாதிரி உப்பாது. உறையவைத்து உலர்த்தினால் வலை காப்பாற்றப்படும். கரண்ட் பில் நம்மைக் காப்பாற்றாது. இதையெல்லாம் செய்து, அமிலத்தில் வேகவைத்து, அரைத்து எடுத்தால் கையில் இருப்பது என்ன? எம்.சி.சி. மாதிரி ஒரு பொடி. 2003-இல் இந்தோனேசிய ஆய்வாளர்கள் நாட்டாவிலிருந்து இப்படி ஒரு பொடியைச் செய்து காட்டினார்கள். செய்ய முடியும், சந்தேகமில்லை. ஆனால் கிருமி மூன்று வாரம் உட்கார்ந்து நெய்த வலையை நாமே நாசம் செய்து, மரக்கூழில் மலிவாகக் கிடைப்பதைக் கூடுதல் விலைக்குச் செய்திருக்கிறோம்.

இரண்டாவது, சட்டப் புத்தகம். அமெரிக்க மருந்துத் தர நூலில் எம்.சி.சி.க்கு உள்ள விளக்கமே, நார்த் தாவரப் பொருளிலிருந்து கூழாகப் பெற்ற செல்லுலோஸை அமிலத்தால் பதப்படுத்தியது என்றுதான் போகிறது. தாவரம் என்று எழுதியிருக்கிறது. உங்கள் பொடி எல்லாச் சோதனையிலும் தேறலாம், விளக்கத்திலேயே ஃபெயில். அப்புறம் அது புதுத் துணைப்பொருள். எந்தக் கம்பெனியும் பத்து ரூபாய் மாத்திரை அட்டைக்காக அந்த வழக்கை எடுத்து நடத்தாது.

மூன்றாவதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வேலையில் ஒரு நைட் ஷிஃப்ட். எந்தக் கம்பெனி என்பதை விடுங்கள். மாத்திரை அச்சிலிருந்து வெளியே வரும்போது மேல்பாகம் மட்டும் தொப்பி கழன்ற மாதிரி தனியே வந்தது. கேப்பிங் என்போம். அழுத்தத்தைக் குறைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். ம்ஹூம். விடியற்காலையில்தான் ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். எம்.சி.சி. வேறு சப்ளையரிடமிருந்து வந்த புது லாட். சர்டிபிகேட் எல்லாம் சரியாகவே இருந்தது. ஈரப்பதமும் துகள் அளவும் பழையதிலிருந்து சற்றே விலகியிருந்தன, அனுமதித்த எல்லைக்குள்ளேயே. அந்த பேட்ச் முழுவதும் போனது. அன்றைக்குத்தான் புரிந்தது, மருந்து ஆலை துணைப்பொருளில் எதிர்பார்ப்பது நேற்று வந்ததும் இன்று வருவதும் ஒன்றாக இருப்பது. அபாரமான சுத்தம் அதற்கு அப்புறம்தான். உயிருள்ள கிருமியோ தட்டுக்குத் தட்டு, வாரத்துக்கு வாரம் மாறும். பெரிய தொட்டியில் போட்டுக் கலக்கினால், செல்லுலோஸ் செய்வதையே நிறுத்திவிட்ட மாற்று வகைகள் தலையெடுக்கும். தேங்காய்த் தண்ணீரும் தோப்புக்குத் தோப்பு வேறு.

துணைப்பொருள்தானே என்று யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2025-இல் நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை சொன்னது. இருமலுக்கான மருந்து அல்ல, அதைக் கரைக்க ஊற்றியதுதான் கொன்றது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஆலையில் கேன்டீனில்கூட யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

சரி, அப்படியானால் இந்தச் செல்லுலோஸை மருத்துவத்தில் எங்கேதான் வைப்பது? பொடியாக்காமல் விட்டால் இடம் இருக்கிறது. கிருமி நெய்தது ஒரு படலம். படலமாகவே விடுங்கள்.

தீக்காயத்தின் மேல் ஒட்டிய துணிக்கட்டைப் பிரிக்கும்போது நோயாளி போடுகிற சத்தத்தைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுப் பக்கம் போனவர்கள் கேட்டிருப்பீர்கள். புதிதாக வளர்ந்த தோலும் துணியோடு சேர்ந்து வருகிறது. பாக்டீரியா செல்லுலோஸ் படலம் காயத்தின் மேல் படியும், ஈரத்தைக் காக்கும், காற்றை விடும், நூல் இடைவெளி நுண்ணியதாக இருப்பதால் வெளிக்கிருமி எளிதில் நுழையாது, புதுத் தோலோடு பிணையாது. நம் உடம்பில் செல்லுலோஸைச் செரிக்கும் நொதி இல்லை என்பது இங்கே வசதிதான். கரையாமல் இருந்து, வேலை முடிந்ததும் உரிந்து வரும். பிரேசிலில் 1980-களிலேயே இதை மெல்லிய உலர்ந்த படலமாகப் பயோஃபில் என்ற பெயரில் தற்காலிகத் தோலாகப் பயன்படுத்தினார்கள். 1990-இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. பிற்பாடு அமெரிக்காவில் எக்ஸ்செல் என்று ஈரப் படலமாகவே விற்றார்கள்.

மருந்தையும் இதிலேயே ஏற்றலாம். செல்லுலோஸுக்குத் தானாகக் கிருமியைக் கொல்லும் குணம் கிடையாது, ஆனால் வெள்ளி மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 2012-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் இந்தப் படலத்தில் லிடோகெய்னையும் இபுப்ரோஃபெனையும் ஏற்றித் தோல் வழியாக எவ்வளவு போகிறது என்று பார்த்தார்கள். லிடோகெய்ன் வழக்கமான மருந்து வடிவங்களைவிட மெதுவாகப் போனது. இபுப்ரோஃபெனோ ஜெல்லில் இருந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகப் போனது. ஆய்வுக்கூடத்தில் வைத்த தோலில்தான், நோயாளியிடம் அல்ல. ஆனாலும் பாருங்கள், ஒரே படலம் ஒரு மருந்தைத் தடுத்தது, இன்னொன்றைத் தள்ளியது. ஏன் என்று கேட்டால் அதுவே ஒரு நல்ல புராஜெக்ட்.

இங்கேயும் போட்டி இருக்கிறது, அதுவும் வாழையிலையோடு! மும்பை மருத்துவர்கள் 1980-களில் உருளைக்கிழங்குத் தோலையும், 2003-இல் வாழையிலையையும் தீக்காயத்துக்குக் கட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வாழையிலை ஒட்டவில்லை, வலி குறைவு, விலையும் ஒன்றுமில்லை. நம் சி.எல்.ஆர்.ஐ. கொலாஜன் கட்டுகளை உருவாக்கியிருக்கிறது. எனவே புதுப் படலம் விலையில் எங்கே நிற்கும் என்ற கணக்கை முதல் நாளே போடுங்கள்.

கணக்குக்கு உதவியாக ஒரு யோசனை. காங்கேயத்தில் கொப்பரைக்காகத் தேங்காய் உடைக்கும் களங்களில் முற்றிய தேங்காயின் தண்ணீர் ஆறாக ஓடுகிறது. அதை இங்கே கொண்டுவர நினைக்காதீர்கள். 400 கிலோமீட்டருக்கு மேல் தூரம், சில மணி நேரத்தில் புளித்துவிடும். படலம் வளர்ப்பது அங்கேயே நடக்கட்டும். வளர்ந்த பாளம் அமிலத் தண்ணீரில் கெடாமல் பயணம் செய்யும். காரத்தில் கழுவுவது, மருந்து ஏற்றுவது, பையில் அடைத்து ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கிருமி நீக்குவது ஆகியவற்றை நம் மாவட்டத்துத் தொழிற்பேட்டையில் செய்யலாம். இது கிராம்-நெகட்டிவ் கிருமி என்பதால் என்டோடாக்சின் சோதனையை மறந்துவிடாதீர்கள். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன்படி லைசென்ஸும் வேண்டும். கிலோ கணக்கில் விற்கும் பொடி இந்தச் செலவைத் தாங்காது. சதுர சென்டிமீட்டர் கணக்கில் விற்கும் கட்டு தாங்கலாம்.

அந்த நான்கு பேரும் முதலில் பத்துத் தட்டு வையுங்கள். பத்திலும் படலம் ஒரே தடிமனில் வருகிறதா என்று பாருங்கள்; அடுத்த வாரம் இன்னொரு பத்து. வராவிட்டால் வெட்கப்படாமல் அந்த அளவுகளை அப்படியே ரிப்போர்ட்டில் போடுங்கள். தலைப்பை மாற்றுவது பற்றித் துறைத் தலைவரிடம் நானே பேசுகிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மரத்தடியில் இருப்பேன், நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள்.