பாலாற்றங்கரை மருத்துவமும் தமிழும்

  

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் உலகறிந்தவை. அவற்றுள் வேலூர் மருத்துவத்தாலும் உலகறிந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலுரசி உழைப்பவன் நோயுற்றால் நாடிச் செல்லும் மேலை மருத்துவம் இக்கரைக்கு வந்த வழி யாது? அவ்வழியில் தமிழ் பெற்றது யாது? இழந்தது யாது? இவையே இன்று ஆராயத்தக்கன.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் செருமானியச் சீர்திருத்தக் கிறித்தவரிடை ஓர் எழுச்சி தோன்றிற்று. சடங்கினும் உள்ளத் தூய்மையே பெரிது. திருமறையை எவரும் தத்தம் தாய்மொழியிலேயே கற்றல் வேண்டும் என்பன அதன் கொள்கைகள். அவ்வெழுச்சியின் நடுவிடமாகிய ஆலே நகரிற் பயின்ற சீகன்பால்கு, 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-இற் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. இந்திய மொழிகளுள் அப்பேற்றை முதற்கண் எய்தியது தமிழே.

பின்னர் அவ்வெழுச்சி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருகிற்று. 1793-இற் கேரி வங்கம் புகுந்தார். 1810-இல் அமெரிக்கத் திருத்தொண்டு வாரியம் அமைந்தது. 1816-இல் அது யாழ்ப்பாணத்திற் காலூன்றியது. நியூயார்க்கு மருத்துவர் சான் இசுக்கடர், நோயாளி ஒருவர் வீட்டிற் கண்ட சிறுநூலைப் படித்து உள்ளம் மாறி, 1819-இற் கப்பலேறிப் பண்டத்தரிப்பில் தொண்டாற்றினார். 1836-இற் சென்னைக்கு வந்தார். அவர் மக்கள் 1853-இல் ஆர்க்காட்டுத் திருத்தொண்டை நிறுவினர். அத்தொண்டர் தொடக்கத்தில் ஆங்கிலப் பள்ளிகளை முதன்மையாகக் கொள்ளாது, ஊரூராய்ச் சென்று தமிழிற் பேசுதலையே தலைக்கடனாகக் கொண்டனர். மேட்டுக்குடியினர் தீண்டாது ஒதுக்கிய சேரிமக்கள் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்ததில் வியப்பொன்றுமில்லை. அம்மக்களோடு அமர்ந்து அவர் மொழியிற் பேசியவர் அதற்குமுன் மிகச் சிலரே.

அக்குடியிற் பேர்த்தியாய் 1870-இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவரே ஐடா இசுக்கடர். திண்டிவனத்தில் ஓரிரவில், ஆண் மருத்துவரை அண்டவிடாத வழக்கத்தால், மூன்று பெண்கள் மகப்பேற்றில் மாண்டனர். அதனைக் கண்டு அவர் மருத்துவம் பயிலத் துணிந்தார். 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரிற் பணி தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி மலர்ந்தது. அதுவே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அத்தொண்டைப் போற்றாதவன் நன்றியறியாதவன்.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. மருந்து தமிழிற் கொடுக்கப்பட்டது. மருத்துவமோ ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் அதுவே நாடெங்கும் வழக்கு. 'மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலாது' என்பார் இன்றும் உளர். அது இயலும் என்பதற்கு, அதே அமெரிக்கத் தொண்டின் வரலாறே சான்று.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழ்ப்படுத்தினார். அவரும் அவர்தம் மாணவரும் ஆக்கிய நூல்கள் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டன. 1864 முதல் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர்பாற் பயின்று மருத்துவரானோர் 60-க்கு மேற்பட்டோர். அவருள் 30-க்கு மேற்பட்டோர் தமிழ்வழிக் கற்றவர். மாணவர் உடையாலும் பழக்கத்தாலும் மேலையராய் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. 'இரணவைத்தியம்', 'கெமிசுதம்' என அந்நூற்பெயர்கள் பிறசொற் கலந்தனவே. இன்று அறுவை மருத்துவம், வேதியியல் என்போம். சொல் திருத்தற்குரியது, முயற்சி வணங்கற்குரியது.

அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? குற்றத்தை அயலார்மேற் சுமத்துதல் எளிது. வரலாறு வேறு கூறுகின்றது. தாய்மொழிக்கே முதன்மை தருக எனத் தொண்டு வாரியச் செயலாளரே வற்புறுத்தியபின், 1855-இல் வட்டுக்கோட்டை ஆங்கிலக் கல்விக்கழகம் மூடப்பெற்றது. அதனை எதிர்த்து ஆங்கிலக் கல்வியைக் கேட்டோர் தமிழரே. 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததும் அவ்வேட்கையாலேயே. கிரீனிடம் தமிழிற் பயில மாணவர் தயங்கியதற்கும் கரணியம், ஆங்கிலம் அரசு அலுவலையும் சம்பளத்தையும் தந்தமையே. 1870-இற் கொழும்பில் ஆங்கில வழி மருத்துவப் பள்ளியும் தோன்றிற்று. 1873-இற் கிரீன் தாயகம் மீண்டார். 1884-இல் இறந்தபோது, தமிழர்க்குத் தொண்டாற்றிய மருத்துவர் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கப்பெற விரும்பினார். அயலவர் விரும்பிய மொழியை உரியவர் விரும்பவில்லை!

பெருமக்களே! தோல் தொழிலாளி ஒருவன் கையில் வெடிப்பும் மூச்சில் இளைப்புமாக எந்த மருத்துவமனைக்குச் செல்லினும், நோயைத் தமிழிற் சொல்கின்றான். விடையோ அவன் படிக்கவியலாத சீட்டாக வருகின்றது. எத்தனை வேளை உண்பது, எதனை விலக்குவது என்பதைப் பிறனொருவனை வினவி அறிகின்றான். இஃது உயிரோடு தொடர்புடைய குறை. சீட்டும் அறிக்கையும் தமிழில் வேண்டுமெனக் கேட்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. நோயாளி கேட்கலாம், மருத்துவராகிய தமிழ்மகன் எழுதலாம், தமிழாசிரியன் கலைச்சொல் ஆக்கித் தரலாம். கடல்கடந்து வந்தவர் கற்றுச் செய்ததைக் கருவிலேயே பெற்றவர் செய்யாதிருத்தல் தகுமோ?

வாழ்க தமிழ்!