உடன்பிறந்தார் கடமை



அரசாளும் பொறி இளங்கோவுக்கு உண்டெனக் கணியன் கூற, தமையன் செங்குட்டுவன் மனம் வருந்தாதிருக்க அவர் துறவு பூண்டார் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் 1964-இல் வெளியிட்ட ‘என் அண்ணன் ஜாக்’ நாவலிலோ, தம்பி போர்ச் செய்தியாளனாகிப் புகழ் பெறுகின்றான். போருக்குத் துடித்த அண்ணன் பயிற்சியிலே காயமுற்றுக் களம் காணாது நிற்கின்றான். ஆயினும் தம்பியின் புகழில் பெருமை கொள்கின்றான். தம்பியோ அண்ணனே மேலானவன் என உணர்கின்றான்.

காந்தலூர் மலைச்சரிவில் பூண்டு பயிரிட்டுப் பெற்றோரைப் பேணும் தமையன்மாரை விட்டு, உத்தியோகம் நாடி வந்தவர்கள் நாம். நம் உயர்வில் அவர்தம் உழைப்பும் உண்டு. பாகப்பிரிவினை வரும் நாளில் சாண் நிலத்துக்கு வழக்காடாது விட்டுக்கொடுப்போம். ஆண்மை ஆள்வதில் இல்லை, பொறுப்பேற்பதிலேயே உண்டு.