சம்பளத்தில் வெட்டும் வரி: பார்ப்போம், கேட்போம்

(நெடுந்தீவில் வேலை செய்யும் எமது அங்கத்தவர்களின் பிள்ளைகளைச் சந்தித்தபோது ஆற்றிய உரை)



தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு நெடுந்தீவில் என்ன வேலை என்று குறிகட்டுவானில் படகுக்கு நின்றபோதே ஒருவர் கேட்டார். இங்கே பனையும் கல்வேலியும் உண்டு, தேயிலை இல்லை. ஆனால் லயத்தில் பிறந்து, படித்து, கடல் தாண்டி வந்து இங்கே ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கும் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் வெட்டுகிற காசு, மலையில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போகவேண்டிய காசு.

முன்பு சம்பள வரியை 'பேயீ' என்றார்கள். 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு அது நின்றது. அந்த ஏப்ரலில் 'ஏபிஐடி' என்று புதிய பெயரில் வந்தபோது, சம்மதித்தவரிடம் மட்டும் வெட்டினார்கள். 2023 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்தவர் எல்லோரும் அகப்பட்டார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அந்த எல்லை ஒன்றரை லட்சம், அதாவது வருடத்துக்கு 18 லட்சம். ஐந்து வருடத்தில் இத்தனை தடவை மாற்றினால், சம்பளம் போடுகிறவருக்கும் தலை சுற்றத்தான் செய்யும்.

எங்களிடம் வந்த ஒரு சம்பளத் துண்டைச் சொல்கிறோம். ஒரு தோழரின் மகன், மாதம் 170,000 ரூபாய். பழைய அட்டவணைப்படி வரி 5,900. புதியதில் ஒன்றரை லட்சம் போக மிச்சம் 20,000க்கு ஆறு வீதம், 1,200 ரூபாய்தான். 2025 ஏப்ரலுக்குப் பிறகும் அவருக்கு 5,900 வெட்டியிருந்தார்கள். மாதம் 4,700 கூடுதல். "அரசாங்கம் எடுக்குது, நாம என்ன செய்ய?" என்று பிள்ளை பேசாமல் இருந்துவிட்டார். எடுத்தது அரசாங்கத்தின் சட்டம் அல்ல, அலுவலகத்தில் மாற்றாமல் விட்ட ஓர் அட்டவணை.

லண்டனில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே சம்பளத் துண்டில் '1257எல்' என்று ஒரு குறியீடு இருக்கும். அது மாறினால் வரியும் மாறும். நமக்குக் குறியீடு இல்லை. நமக்கு இருப்பது ஒரு படிவம்: இதுதான் என் முதன்மை வேலை என்று கொடுக்கும் வெளிப்படுத்தல். ஒன்றரை லட்சம் விலக்கு அந்த ஒரு வேலைக்குத்தான். இரண்டு இடத்தில் சம்பளம் எடுப்பவருக்கும், வேலை மாறியவருக்கும் அந்தத் தாள் எங்கே கிடக்கிறது என்பது முக்கியம். கொடுத்தோமா என்று நினைவில்லையா? நாளைக்கே போய்க் கேளுங்கள்.

மேலதிக நேரம் செய்யும் தாதிமாருக்கு இன்னொன்று. நாலு மாதம் 165,000, எட்டு மாதம் 120,000 எடுத்தீர்கள் என்று வைப்போம். அந்த நாலு மாதமும் 900 வீதம் 3,600 ரூபாய் வெட்டுவார்கள். வருடக் கூட்டு 16 லட்சத்து 20 ஆயிரம். 18 லட்சத்தைத் தொடவில்லை, ஆகவே வரியே இல்லை. அந்த 3,600 உங்களுடையது.

மார்ச் 31க்கு முன் பிழையைக் கண்டால் முதலில் சம்பளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். வருடம் முடிந்துவிட்டால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விபரத்திரட்டு அனுப்பித்தான் மீளக் கேட்க வேண்டும். அதற்கு நவம்பர் 30 வரை தவணை. வேலை தருபவரிடம் 'டி10' சான்றிதழை வாங்கி வைத்திருங்கள், எவ்வளவு வெட்டினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. யாழ்ப்பாணத்தில் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. படகேற முடியாவிட்டால் 1944க்கு அழைக்கலாம்.

இனி வீட்டில் இருப்பவர்களின் கதை. நாட்சம்பளம் 1,750 என்று வைத்து மாதம் 25 நாள் பேர் போட்டாலும் 43,750தான். கொழுந்து எடுக்கும் அம்மாவுக்குச் சம்பள வரி கிடையாது. சேவைக்காலப் பணத்துக்கும் ஒரு கோடி வரை வரி இல்லை. ஆனால் அந்தக் காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டதும் வட்டியில் பத்து வீதம் வெட்டுகிறார்கள். 2025 மார்ச் வரை ஐந்து வீதம்தான். பத்து லட்சம் வைத்து வருடம் 80,000 வட்டி வந்தால் 8,000 போகிறது. முப்பது வருடம் மலையில் கூடை சுமந்தவரின் வைப்பிலிருந்து, வரியே இல்லாத ஒருவரிடமிருந்து! எங்களுக்கு இதில்தான் கூடக் கோபம்.

இதை நிறுத்த வழி உண்டு. என் வருட வருமானம் 18 லட்சத்துக்கு உட்பட்டது என்று ஒரு சுய வெளிப்படுத்தலை வங்கியில் கொடுக்க வேண்டும். அதற்கு வரி இலக்கம், 'டின்' என்கிறார்களே, அது வேண்டும். இலக்கம் எடுத்தால் வரி வந்துவிடும் என்று லயங்களில் பயப்படுகிறார்கள். இலக்கம் இல்லாததால்தான் காசு போகிறது என்று விளக்குங்கள். ஒரு தடவை கொடுத்தால் போதாது, ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவின் வங்கிப் புத்தகத்தை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

சம்பளத் துண்டு கொண்டு வந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். திரும்பிப் போகும் படகு வரும் மட்டும் இங்கேதான் இருக்கிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.