வாயினுள் ஒரு வெண்படலம்

 

ஒளூவின்போது நாள்தோறும் பலமுறை வாய் கொப்பளிக்கும் நாம், அவ்வாயினுள் என்ன இருக்கிறதென்று விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறையேனும் பார்த்ததில்லை.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1996-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பதின்மூன்று ஊராட்சிகளுள் ஏழில், பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடு வீடாகச் சென்று, 35 வயது நிரம்பியோரின் வாயை வெளிச்சத்தில் பார்த்தனர். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஏனைய ஆறு ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவமே நடந்தது. 2005-இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது: புகையிலை, மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. பழக்கமில்லாதோரிடம் அத்தகைய பயன் தென்படவில்லை. எனவே, முதலில் யார் வாயைத் திறந்து காட்ட வேண்டுமென்பதில் ஐயமில்லை.

ஆறாத புண், வெண்படலம், செம்படலம், வாய் முழுதும் திறக்கவியலாத இறுக்கம் இவையே அறிகுறிகள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது; அதனாலேயே பலர் மறைத்துவிடுகின்றனர். பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதைக் கடைகளில் தூக்கம் வராதிருக்கப் புகையிலை அடக்கும் நம் வாலிபர்களை எண்ணியே இதனைக் கூறுகிறோம். குறை கூறுவதாகக் கொள்ளற்க. "வெறும் பாக்குத்தானே" என்பாரும் உளர். பாக்கும் புற்று விளைவிப்பதே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது.

இரு வாரங்களில் ஆறாத எப்புண்ணையும் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுக. துணைக்கு ஆள் வேண்டுவோர் நிர்வாகிகளிடம் கூறினால் நாமும் உடன் வருவோம்.

நிக்காஹ் மஜ்லிஸ் தாம்பூலத் தட்டில் பாக்கிற்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் வைக்கலாமா என்று ஆலோசித்து வருகிறோம். ஜும்ஆவுக்குப் பின் தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்.