வழக்கும் செய்யுளும்: மாணவர் எழுத்தில் கவிதையும் கதையும்



கவிதையிலும் கதையிலும் ஒருசேர ஆர்வங்கொண்ட மாணவர்க்கு மொழியியல் என்ன சொல்லக்கூடும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறோம். அப்பிழை நம்முடையது.

பல்லாண்டுகளுக்கு முன், உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் சில கவிதைகளையும் ஒரு சிறுகதையையும் நம் பார்வைக்குத் தந்தார். கவிதைகளைப் பாராட்டினோம். கதையில், வீவக அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் அமர்ந்திருக்கும் பாட்டி தம் பேத்தியிடம், "சாப்ட்டியா? மழ வருது, கொடய எடுத்துக்க" என்கிறார். அதனைச் சிவப்பு மையால், "சாப்பிட்டாயா? மழை வருகிறது, குடையை எடுத்துக்கொள்" எனத் திருத்தினோம். எழுத்திலக்கணப்படி திருத்தம் சரியே. ஆனால், பாட்டி அக்கதையைவிட்டு எழுந்து போய்விட்டார். அதன்பின் அம்மாணவி கவிதைகளை மட்டுமே கொண்டுவந்தார். கதை என்னவாயிற்று என வினவியபோது, "எனக்குக் கதைக்கு வேண்டிய தமிழ் வராது ஐயா" என்றார். அத்தமிழ் அவர் வீட்டிலேயே இருந்தது. அதனை வாசலில் நிறுத்தியவர் நாமே.

எழுத்துக்கு ஒரு வழக்கு, பேச்சுக்கு ஒரு வழக்கு என ஒரு மொழி இரண்டாக இயங்குவதை இரட்டை வழக்கு என்கிறோம். சார்லசு பெர்குசன் என்னும் அறிஞர் 1959 இல் எழுதிய கட்டுரை இக்கருத்தை உலகறியச் செய்தது. தமிழர்க்கு இது புதிதன்று. வழக்கு, செய்யுள் இரண்டையும் அடிப்படையாகக் கொண்டே தொல்காப்பியர் நூல் செய்தார் என்று அந்நூலின் பாயிரம் கூறுகிறது. செய்யுளுக்கு வகுப்பறையில் நாற்காலியிட்ட நாம், வழக்கை வெளியே நிற்கவைத்தோம்.

இதன் விளைவை மாணவர் எழுத்தில் காணலாம். பாடநூல் கற்பித்த எழுத்துத் தமிழைக் கொண்டே ஒரு கவிதையை எழுதி முடித்துவிடலாம். கதையில் அவ்வாறு இயலாது. மாந்தர் வாய்திறந்தாக வேண்டும். கோப்பிக் கடைக்காரரும் பாட்டியும் பாடநூல் போலப் பேசினால் வாசகர் நம்பமாட்டார். புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சையும், கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரப் பேச்சையும் கதைக்குள் துணிந்து அழைத்து வந்தனர். அதனால் தமிழ் குன்றவில்லை, வளம் பெற்றது.

நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு, 1950களில் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக மாணவர்க்கு எழுத இடந்தந்தது. பிற்காலத்தில் மலேசிய, சிங்கை எழுத்தாளராக மலர்ந்த பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். இளமையில் கிடைக்கும் அனுமதி எத்துணைப் பெரியது என்பதற்கு இதுவே சான்று.

அனுமதி என்றால் வரைமுறையின்மை அன்று. மாணவர்க்கு மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, கதைசொல்லி எழுத்துத் தமிழில் பேசலாம். மாந்தர் தத்தம் தமிழில் பேசட்டும். இரண்டாவது, ஒலிப்பனைத்தையும் எழுத்தாக்க முயல வேண்டா. 'மரம்' என்பதன் ஈற்று மகரத்தைப் பேச்சில் மூக்கொலி உயிராகவே ஒலிக்கிறோம். அதற்கு நம்மிடம் எழுத்தில்லை. 'மரம்' என்றே எழுதினாலும் வாசகர் செவி அறிந்துகொள்ளும். 'போறேன்', 'வந்துட்டான்' போன்ற வினைவடிவங்களே பேச்சை உணர்த்தப் பெரும்பாலும் போதும். மூன்றாவது, ஒரு மாந்தர்க்கு ஒரு முறையைத் தேர்ந்தால், இறுதிவரை அதனைக் காக்க வேண்டும்.

இப்பயிற்சி கவிதைக்கும் உதவும். 'போகிறேன்' கூவிளம், 'போறேன்' தேமா. ஒரே பொருள், இருவேறு நடை. தாலாட்டும் ஒப்பாரியும் பேச்சு வடிவங்களிலேயே தம் ஓசையை அமைத்துக்கொண்டன. இரு வழக்கையும் கேட்டுப் பழகிய செவிக்குச் சொற்களின் கையிருப்பும் இருமடங்காகிறது. ஆகவே, கவிதையா கதையா என மாணவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டா. ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

சிங்கப்பூரில் 2005 இல் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. வாய்மொழிக்குக் கிடைத்த அந்த இடம் கதைத்தாளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். வீட்டில் தமிழ் பேசுவோர் அருகிவரும் இந்நாளில், பாட்டியின் ஒரு தொடரை ஒரு மாணவர் உள்ளபடியே எழுதிவைப்பது இலக்கியப் பணி மட்டுமன்று, மொழிக்காப்பும் ஆகும்.

ஆசிரியப் பெருமக்களே, மேற்கோள் குறிகளுக்குள் சிவப்பு மை நுழையுமுன் ஒரு கணம் நில்லுங்கள். அங்கே பேசுபவர் யார் என்று கேளுங்கள். நாம் அன்று கேட்கவில்லை. அக்கதை இன்றும் எழுதப்படாமலே இருக்கிறது.