முயலுக்கு ராத்திரி, கோழிக்குப் பகல்

சங்கரன்கோவில்ல இருந்து பேசுறேன். எங்க அம்மாவுக்கு க்ளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய். 30 வருஷமா பூப்பறிச்சவங்க. செக்கப்புக்கு எப்பப் போனாலும் காலை 11 மணி வாக்குலதான் அழுத்தம் பார்ப்பாங்க. 16, 17ன்னு நார்மலா வரும். ஆனா ஓரப்பார்வை மட்டும் குறைஞ்சுக்கிட்டே வந்தது. பக்கவாட்டுல வந்த ஆட்டோ தெரியாம ரெண்டு தடவை தப்பிச்சாங்க.

அப்போ ராத்திரி 2 மணிக்கு அந்தக் கண்ணுக்குள்ள என்ன நடக்குது? அதைத் தேடப் போய்த்தான் முயல்கிட்ட வந்து நின்னேன்.

12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டுன்னு முயலை வளர்த்தா, விளக்கு அணையிற நேரத்துல கண் அழுத்தம் ஏறும், வெளிச்சத்துல இறங்கும். சரி, இருட்டுதான் ஏத்துதுன்னு நினைப்போம். ஆனா விளக்கே போடாம முழு இருட்டுல வெச்சாலும் அந்த ஏற்ற இறக்கம் நாள்கணக்கா தொடருது. கடிகாரம் உடம்புக்குள்ள இருக்கு. வெளிச்சம் அதுக்குச் சாவி கொடுக்குது, அவ்வளவுதான்.

நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல எம்.கே. சந்திரசேகரன் குழு குகை வௌவால்களை வெச்சு ஆராய்ஞ்சதும் இதே உள்கடிகாரத்தைத்தான். அவங்க பார்த்தது கண் அழுத்தத்தை இல்ல, பறக்கக் கிளம்புற நேரத்தை.

கோழிக்குஞ்சு நேர் எதிர். பகல்ல அழுத்தம் அதிகம், ராத்திரி கம்மி. அதுங்களுக்கு இருட்டே கொடுக்காம வளர்த்தா கண்ணு பெருத்துப்போகும், கருவிழி தட்டையாகும். இது 1957லேயே பதிவான விஷயம். ராத்திரி பூரா பல்பு எரியிற கோழிக்கொட்டகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

மனுஷன் கதை இன்னும் குழப்பம். ராத்திரி நம்ம கண்ணுல நீர் சுரக்கிறது பகல்ல இருக்கிறதுல பாதியாக் குறையுது. அப்படீன்னா அழுத்தமும் குறையணும்ல? இல்ல, ஏறுது. படுத்திருக்கிறது ஒரு முக்கியக் காரணம். இதனாலதான் டிமோலால் மாதிரி சுரப்பைக் குறைக்கிற சொட்டு மருந்து பகல்ல நல்லா வேலை செஞ்சாலும் ராத்திரி பெருசா உதவுறதில்ல. ஏற்கெனவே குறைஞ்சதை எவ்வளவு குறைக்க முடியும்?

அழுத்தம் நார்மலா இருந்தே நரம்பு கெடுறவங்களும் உண்டு. அம்மா அந்த வகையான்னு தெரியணும். டாக்டர்கிட்ட கேட்டேன். விடிகாலையிலேயே வரச் சொல்லி, நாள் முழுக்க 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்தாங்க. காலை 6 மணிக்கு 25. 12 மணிக்கு அதே கண்ணுல 17.

அம்மா கேட்டாங்க, "அப்போ நான் பூப்பறிக்கப் போற நேரத்துலதான் கூடுதலாக்கும்?"

மருந்தை மாத்திட்டாங்க. நீரை வெளியேத்துற வகைச் சொட்டு, ராத்திரி ஒரு தடவை. போன ஓரப்பார்வை திரும்ப வராது. அடுத்த டெஸ்ட் தை மாசம், காலை 6 மணிக்கு.